கேள்வி பதில்: 100-க்கு பதிலா 140 ஃபோர்க் போட்டுடலாமா?

கேள்வி: என்கிட்ட இருக்கறது 29 இன்ச் ஹார்ட்டெயில் மவுண்டன் பைக் (பின்னாடி சஸ்பென்ஷன் கிடையாது), முன்னாடி 100 மி.மீ. டிராவல் ஃபோர்க், அதாவது 100 மி.மீ. வரைக்கும் அமுங்கற சஸ்பென்ஷன். கல்லு நிறைஞ்ச இறக்கத்துல கை செம அடி வாங்குது, முன்பக்கமா தூக்கி எறிஞ்சிடுமோன்னு பயமாவும் இருக்கு. ஃப்ரெண்டு ஒருத்தர் 140 மி.மீ. ஃபோர்க்கை கம்மி விலைக்கு தர்றேங்கறார். மாட்டிடலாமா?

வேணாம். 120 வரைக்கும்னா யோசிக்கலாம், அதுவும் உங்க பிரேமை செஞ்சவங்க அதுக்கு சரின்னு சொல்லியிருந்தா. 140-ன்னா கம்மி விலைக்கு இல்ல, சும்மா குடுத்தாக்கூட வேணாம்னுதான் சொல்வேன்.

காரணம் என்னன்னா, டிராவல் ஏறினா ஃபோர்க்கோட நீளமும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறிடும். ஆக்ஸில் நடுவுல இருந்து கிரவுன் ரேஸ் (ஃபோர்க்கோட தலைப்பான கிரவுன் மேல வர்ற பேரிங் வளையம்) உக்கார்ற இடம் வரைக்கும் டேப் வச்சு அளந்து பாருங்க, ஆக்ஸில் டு கிரவுன்னு சொல்றது இதைத்தான், பிரேமுக்கு தெரியறது இந்த நீளம் மட்டும்தான், உள்ள எவ்வளவு டிராவல் இருக்குங்கறது அதுக்கு தெரியாது. 20 மி.மீ. நீளம் கூடினா சைக்கிள் மொத்தமும் பின் ஆக்ஸிலை மையமா வச்சு சுமார் 1 டிகிரி பின்னாடி சாயும். ஹெட் ஆங்கிள், அதாவது ஃபோர்க் சாய்ஞ்சிருக்கற கோணம், 1 டிகிரி படுக்கும், இறக்கத்துல அது நல்லதுதான், ஆனா சீட் குழாயோட கோணமான சீட் ஆங்கிளும் கூடவே 1 டிகிரி படுக்குதே, பெடல் சுத்தற அச்சுல இருந்து சீட் 700 மி.மீ. உயரத்துல இருந்தா அது ஒரு 12 மி.மீ. பின்னாடி போயிடும், அந்த அச்சு இருக்கற பாட்டம் பிராக்கெட் 7 மி.மீ. கிட்ட மேல வரும், ரீச், அதாவது அந்த அச்சுக்கும் பிரேமோட முன்பக்க உச்சிக்கும் நடுவுல இருக்கற கிடைமட்ட தூரம், ஒரு 10 மி.மீ. குறையும். 20-க்கே இவ்வளவுன்னா நீங்க கேக்கற 40-க்கு எல்லாத்தையும் ரெண்டால பெருக்கிக்குங்க. ஏத்தத்துல முன் வீல் தரையில நிக்காது, ஹேண்டில் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் அலையும், நீங்க சீட் நுனியில உக்காந்து மல்லுக்கட்டணும்.

இதைவிட பெரிய விஷயம் பிரேம். முன் வீல்ல விழற ஒவ்வொரு அடியும் ஃபோர்க் வழியா ஹெட் டியூபைத்தான் (ஃபோர்க் நுழையற பிரேமோட முன் குழாய்) பின்னாடி தள்ளுது, கடப்பாறை நீளமா இருந்தா கல்லு ஈஸியா பேர்ந்து வரும்ல, அதே கதைதான், ஃபோர்க் நீளம் ஏற ஏற ஹெட் டியூபும் அதுல இருந்து பெடல் பக்கம் இறங்கற டவுன் டியூபும் சேர்ற வெல்டிங் மேல விழற இழுவையும் ஏறும். அதனாலதான் பிரேம் செய்யறவங்க அதிகபட்சம் இவ்வளவுன்னு ஒரு கணக்கு குடுத்திருப்பாங்க, சில பேர் டிராவலா சொல்வாங்க, சில பேர் ஆக்ஸில் டு கிரவுனா சொல்வாங்க. அதைத் தாண்டினா வாரண்டி போயிடும், அது போனா போகட்டும், ஹெட் டியூப் பிஞ்சா முகம்தான் முதல்ல தரையில விழும். ஏற்கனவே நீளமான ஃபோர்க் போட்டு ஓட்டிட்டு இருக்கறவங்க இப்பவே சைக்கிளைத் தலைகீழா திருப்பி டவுன் டியூபோட அடிப்பக்கம், வெல்டிங்குக்கு கொஞ்சம் பின்னாடி துடைச்சுட்டு டார்ச் அடிச்சு பாருங்க, பெயிண்ட்ல தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரிஞ்சாலே ஓட்டறதை நிறுத்திடணும்.

இன்னொண்ணு, ஆளு ஏறி உக்காந்தா ஃபோர்க் கொஞ்சம் அமுங்கும், அதான் சாக். 100-ல 20 சதவீதம் சாக் வச்சா 20 மி.மீ. அமுங்கும், 120-ல 25 சதவீதம் வச்சா 30 அமுங்கும், ஆக ஓட்டும்போது நிஜமான வித்தியாசம் 10 மி.மீ.தான். 120 மேல எனக்கு பயமில்லாததுக்கு இதுவும் ஒரு காரணம். வாங்கறதுக்கு முன்னாடி எப்படி இருக்கும்னு பாக்கணும்னா முன் வீல் அடியில 20 மி.மீ. கனத்துல பலகை ஒண்ணை வச்சு, செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு ஏறி உக்காந்து பாருங்க, செலவே இல்ல.

ஆனா எனக்கு முக்கியமான சந்தேகமே வேற. கை அடி வாங்கறது நிஜமா டிராவல் பத்தாமதானா? ஃபோர்க் குழாய்ல ரப்பர் ரிங் இருக்கும், இல்லன்னா கேபிள் டை ஒண்ணை லூசா கட்டுங்க, அதைக் கீழ தள்ளி விட்டுட்டு நீங்க சொல்ற அதே இறக்கத்துல ஒரு தடவை இறங்கி வந்து பாருங்க. ரிங் மேல 70-லயே நின்னுடுச்சுன்னா இருக்கற 100-யே நீங்க முழுசா பயன்படுத்தலன்னு அர்த்தம், ஃபோர்க்குல காத்து அதிகம், இல்ல உள்ள ஆயில் காஞ்சு போய் உரசுது. ரீபவுண்ட் (ஃபோர்க் திரும்பி எழும்பற வேகம்) ரொம்ப ஸ்லோவா வச்சிருந்தாலும் அடுத்தடுத்து கல்லு வரும்போது ஃபோர்க் திரும்பி எழும்பறதுக்குள்ள அடுத்த அடி விழுந்து போகப் போக கட்டையாயிடும். ஷாக் பம்ப் வச்சு சாக் சரி பண்ணி, லோவரை, அதாவது ஃபோர்க்கோட கீழ்ப்பாகத்தைக் கழட்டி சுத்தம் பண்ணி புது ஆயில் ஊத்தி, டயர்ல காத்தைக் கொஞ்சம் குறைச்சாலே பாதிப் பேருக்கு புது ஃபோர்க் ஆசை போயிடும். டேம்பிங் (ஃபோர்க் அமுங்கி எழும்பற வேகத்தை அடக்கற அமைப்பு) நல்லா இருக்கற 100, மட்டமான 140-ஐ எந்த இறக்கத்துலயும் அடிச்சுடும். அதுக்கப்புறமும் ரிங் கடைசி வரைக்கும் போய் டமார்னு முட்டுதுன்னா அப்ப 120 பத்தி பேசுவோம்.

கேள்வி: ஃபோர்க்கையே மாத்தாம உள்ள இருக்கற பார்ட்டை மட்டும் மாத்தி 120 ஆக்கலாம்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தான், நிறைய ஏர் ஃபோர்க்குல காத்து ஸ்பிரிங்கோட தண்டான ஏர் ஷாஃப்ட்டை மட்டும் மாத்தினா டிராவல் மாறிடும், பழைய மாடல் சிலதுல உள்ள இருக்கற ஸ்பேசரை எடுத்தாலே போதும். ஆனா ஒவ்வொரு மாடலுக்கும் உச்ச வரம்புன்னு ஒண்ணு உண்டு, உங்க மாடல் சர்வீஸ் மேனுவலைப் பாக்காம பார்ட் வாங்காதீங்க. விலை குறைஞ்ச காயில் ஸ்பிரிங் ஃபோர்க்குல பெரும்பாலும் இந்த வழி கிடையாது. மேல சொன்ன பிரேம் கணக்கு இதுக்கும் பொருந்தும், நீளம் எந்த வழியா வந்தாலும் நீளம் நீளம்தானே.

கேள்வி: 120 ஃபோர்க் வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன். என்னென்ன பொருந்துதான்னு பாக்கணும்?

முதல்ல ஸ்டீயரர், அதாவது ஹெட் டியூப் உள்ள போற ஃபோர்க்கோட மேல் குழாய். பழைய பிரேம்னா மேலருந்து கீழ வரைக்கும் ஒரே கனம், ஒண்ணே அரைக்கால் இன்ச், அதாவது 28.6 மி.மீ. இப்ப வர்ற ஃபோர்க் பெரும்பாலும் டேப்பர், மேல மெலிஞ்சு கீழ ஒன்றரை இன்ச். உங்க ஹெட் டியூப் உள்விட்டம் 44 மி.மீ. இருந்தா கீழ வெளிக்கப் ஹெட்செட் (ஸ்டீயரர் சுத்தற பேரிங் செட், கப்பு ஹெட் டியூபுக்கு வெளிய இருக்கும்) போட்டு டேப்பரை ஏத்திடலாம், ஆனா அந்த கப்பே ஒரு 12 மி.மீ. உயரம் கூட்டும், அதையும் நீளக் கணக்குல சேர்த்துக்கணும், இதை எல்லாரும் மறந்துடறாங்க. 34 மி.மீ. ஹெட் டியூப்னா டேப்பர் ஏறவே ஏறாது.

அப்புறம் முன் வீலோட நடுப்பாகமான ஹப். 9 மி.மீ. குயிக் ரிலீஸா, 15 மி.மீ. ஆக்ஸிலுக்கு 100 மி.மீ. அகலமா, இல்ல 15-க்கு 110, அதாவது பூஸ்டா பாருங்க. சில ஹப்புக்கு எண்ட் கேப் (ஹப் நுனியில வர்ற மூடி) மாத்தினா போதும், இல்லன்னா ஹப்பு, ஸ்போக், கூலின்னு வீல் செலவு ஃபோர்க் செலவோட போட்டி போடும். ஃபோர்க்குல பிரேக் மவுண்ட் 180-ன்னு இருந்தா உங்க 160 மி.மீ. ரோட்டர் (பிரேக் டிஸ்க்) செட் ஆகாது. 27.5 ஃபோர்க்குல 29 வீலைத் திணிக்காதீங்க, முழுசா அமுங்கும்போது டயர் கிரவுன்ல போய் இடிக்கும்.

மாட்டினதுக்கு அப்புறம் ஸ்டெம் (ஹேண்டிலைப் பிடிக்கற பாகம்) அடியில இருக்கற ஸ்பேசர் வளையத்தை மேல மாத்தி ஹேண்டிலைக் கீழ இறக்குங்க, சீட்டை ரெயில்ல ஒரு 10 மி.மீ. முன்னாடி தள்ளி மூக்கை லெவல் பண்ணுங்க. 20 மி.மீ. கூடினதால மாறின உக்கார்ற நிலை பாதிக்கு மேல இப்படியே திரும்ப வந்துடும்.

கேள்வி: பழைய ஃபோர்க் ஒண்ணு வாங்கினேன், ஸ்டீயரர் 15 மி.மீ. கட்டையா இருக்கு. வெல்டிங் பண்ணி நீட்டிக்கலாமா?

அய்யோ, வேண்டவே வேண்டாம். ஹெட் டியூப், ஹெட்செட் ரெண்டு கப்பு, ஸ்டெம் பிடிக்கற உயரம், இது எல்லாம் கூட்டினதுல 3 மி.மீ. கம்மியா இருந்தா அதுதான் சரியான ஸ்டீயரர் நீளம். அடியில ஸ்பேசர் இருந்தா எடுத்துட்டு அளந்து பாருங்க, உயரம் குறைஞ்ச ஸ்டெம் கிடைக்குமான்னும் பாருங்க, ஆனா ஸ்டெம் போல்ட் ரெண்டும் ஸ்டீயரரை முழுசா கவ்வணும், அதுல விட்டுக்குடுக்கவே கூடாது. அப்படியும் எட்டலன்னா, ஸ்டீயரர் கிரவுனோட பிரெஸ் ஃபிட்டா (அழுத்திப் பொருத்தினதா) சேர்ந்து வர்றதால மேல்பாகத்தை அப்படியே முழு செட்டா மாத்தணும், அதுக்கு ஆகற காசுல வேற ஃபோர்க்கே பாக்கலாம். வித்தவர்கிட்ட பேசி திருப்பிக் குடுத்துடுங்க.