ஓரத்தில் விழும் பிம்பமும் கண்ணின் நீளமும்

ஒன்பது வயது மகனுக்கு ஆறே மாதத்தில் பவர் மைனஸ் 1-லிருந்து 1.75-க்கு ஏறிவிட்டது, அந்த ஏற்றத்தின் வேகத்தைக் குறைக்க, நடுவில் தெளிவாகவும் சுற்றிலும் நுண்வட்டங்களாகவும் இருக்கும் விலையுயர்ந்த லென்ஸைப் போடச் சொல்கிறார்கள், இது வெறும் வியாபாரமா என்று கேட்டிருக்கிறீர்கள். வியாபாரமும் இருக்கிறது, ஆனால் அதன் அடியில் உள்ள அறிவியல் மெய்யானது. "பவரைக் குறைத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் கண் சோம்பேறியாகிவிடும்" என்று வீட்டில் யாரேனும் சொல்லியிருப்பார்கள் என்றும் ஊகிக்கிறேன். அந்த அறிவுரையின்படி வளர்க்கப்பட்டவள் நான்.

எனக்கு ஒன்பது வயதில் கரும்பலகை மங்கியது. கண்ணாடிக் கடைக்காரர் சோதனையில் வந்த பவரில் முக்கால் டயாப்டர் (பவரை அளக்கும் அலகு) குறைத்தே லென்ஸ் போட்டுக் கொடுத்தார். அப்பா அவருக்கு நன்றி சொல்லி வாங்கி வந்தார். ஒவ்வோர் ஆண்டும் அப்படியே நடந்தது. கல்லூரியில் சேர்ந்தபோது எனக்கு மைனஸ் 8. முப்பத்து மூன்று வயதில் விழித்திரையின் ஓரத்தில் துளை விழுந்து லேசர் செய்துகொண்டேன். பவரைக் குறைத்ததுதான் இதற்கெல்லாம் காரணம் என்று நான் வாதிடவில்லை. அம்மாவுக்கும் கிட்டப்பார்வை உண்டு. ஆயினும் 2002-இல் வெளியான மலேசிய ஆய்வொன்றில், ஏறத்தாழ 0.75 டயாப்டர் குறைத்துக் கண்ணாடி அணிந்த பிள்ளைகளுக்கு, முழுப் பவர் அணிந்தவர்களைவிடக் கிட்டப்பார்வை வேகமாகவே கூடியது. அதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பள்ளிப் பாடநூலில் கிட்டப்பார்வையைக் கண்ணாடி சரிசெய்வதாக வரைந்து காட்டும் படத்தில் ஒளிக்கதிர் நேர்கோட்டில் வந்து விழித்திரையின் மையத்தில் குவியும். ஓரங்களைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. கிட்டப்பார்வைக் கண் பெரும்பாலும் பக்கவாட்டைவிட முன்பின்னாக அதிகம் நீண்டிருக்கும். அதற்குச் சாதாரண மைனஸ் லென்ஸ் போட்டால் மையத்தில் பிம்பம் சரியாக விழுந்தாலும், ஓரங்களில் அது விழித்திரைக்குச் சற்றுப் பின்னால் போய் விழக்கூடும். வளரும் கண்ணுக்கு அது "இன்னும் நீள வேண்டும்" என்ற சமிக்ஞையாகலாம் என்பதே இந்த லென்ஸ்களின் அடிப்படைக் கருத்து.

இது நேற்று முளைத்த கருத்தல்ல. 1971-இலேயே நெதர்லாந்தில் விமானிப் பயிற்சி பெற்ற இளைஞர்களின் ஓரப்பார்வையை அளந்து, கிட்டப்பார்வையோடு அதற்குள்ள தொடர்பைச் சுட்டியிருக்கிறார்கள். 1987-இல் ஜோஷ் வால்மனும் உடன் ஆய்வாளர்களும், கோழிக்குஞ்சின் விழித்திரையில் ஒரு பகுதிக்கு மட்டும் தெளிவான காட்சியை மறைத்தால் கண்ணின் அந்தப் பகுதி மட்டுமே நீள்வதைக் காட்டினார்கள். என்னை மிகவும் பாதித்தது, ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஏர்ல் ஸ்மித் குழுவினர் குரங்குக்குட்டிகளிடம் செய்து 2005-இல் வெளியிட்ட ஆய்வு. மையக் காட்சியைத் தெளிவாக விட்டு ஓரத்தை மட்டும் மங்கலாக்கியபோதும் குட்டிகளுக்குக் கிட்டப்பார்வை வந்தது. விழித்திரையின் நடுவே கூர்ந்து பார்க்க உதவும் மையக்குழியை லேசரால் அழித்த பின்னும் கண் தன் வளர்ச்சியைச் சீர்செய்துகொண்டது. அந்தக் குட்டிகளை நினைத்தால் மனம் வலிக்கிறது. இந்த வகை லென்ஸ் போட்ட என் மகளின் கண்ணாடி அவற்றுக்கும் கடன்பட்டிருக்கிறது.

மருத்துவர் உங்களுக்குச் சொன்னது ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகமும் ஹோயா நிறுவனமும் உருவாக்கிய வகையாகவோ அதைப் போன்ற வேறொன்றாகவோ இருக்கலாம். ஹாங்காங் லென்ஸில் நடுவே 9 மில்லிமீட்டர் தெளிவான பகுதியும், அதைச் சுற்றி ஒவ்வொன்றும் 3.5 டயாப்டர் கூடுதல் பிளஸ் பவர் கொண்ட நூற்றுக்கணக்கான நுண்லென்ஸ்களும் இருக்கின்றன. அவை ஒளியில் ஒரு பங்கை விழித்திரைக்கு முன்னாலேயே குவிக்கின்றன. இரண்டு ஆண்டுச் சோதனையில், சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிடும்போது பவர் ஏற்றம் 52 விழுக்காடும் கண் நீளும் அளவு 62 விழுக்காடும் குறைந்தன. குறைந்தன என்றுதான் சொல்கிறேன். நிற்கும் என்றோ ஏறிய பவர் இறங்கும் என்றோ யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

என் மகளின் கண் நீளம், இந்த லென்ஸைப் போடுவதற்கு முந்தைய ஆறு மாதத்தில் 0.25 மில்லிமீட்டர் கூடியது. போட்ட பின் ஓராண்டில் 0.14. வயது ஏற ஏற வேகம் தானாகவே குறையும் என்பதும், ஒரு குழந்தையின் கணக்கு சான்றாகாது என்பதும் எனக்குத் தெரியும். ஓரத்தில் பிம்பம் பின்னால் விழுவதுதான் கிட்டப்பார்வையைத் தொடங்கிவைக்கிறது என்ற கருத்தும் உறுதியானதல்ல; அமெரிக்கப் பிள்ளைகளிடம் டொனால்ட் மட்டி குழுவினர் செய்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஓரப்பார்வை அளவுகளின் பங்கு மிகச் சிறியதாகவே தெரிந்தது. கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போடுவதில் வெளியே பகல் வெளிச்சத்தில் இருப்பதற்குத்தான் வலுவான சான்று இருக்கிறது. சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே இருந்த பிள்ளைகளில், மூன்று ஆண்டுகளில் 30.4 விழுக்காட்டினருக்கே புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது. மற்றவர்களில் அது 39.5 விழுக்காடு. என் மகளின் பள்ளியிலோ விளையாட்டுப் பிரிவேளையைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். மூன்று முறை கடிதம் கொடுத்தும் பதில் இல்லை.

உங்கள் மகனுக்கு முதலில் சொட்டு மருந்து விட்டுப் பவரை முழுமையாகச் சோதித்து, கண்ணின் நீளத்தையும் அளந்து, அந்த எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். லென்ஸ் போடுவதென்றால், பிரேம் மூக்கில் சரியாமல் நிற்கிறதா என்று பாருங்கள். சரிந்தால் கண்ணின் பார்வைக்கோடு அந்த 9 மில்லிமீட்டர் பகுதியை விட்டு விலகிவிடும். ஆறு மாதம் கழித்து அதே கருவியில் மறுபடி அளந்து, அந்த எண்ணை வைத்து லென்ஸைத் தொடர்வதா வேண்டாமா என்று மருத்துவரோடு பேசுங்கள்.