குடும்பத்துடன் காரில் நெடுந்தூரம் போகும்போது உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் உணவாக எதைக் கட்டிக்கொண்டு போகலாம்?

சிறுபிள்ளைகளையும் வயதானவர்களையும் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். தனி ஆளாக இருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள். காலைக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, மதியத்துக்குப் புளிச்சோறும் காணத் (கொள்ளு) துவையலும், நடுவில் கொறிக்க அவித்த நிலக்கடலை, நறுக்காத வெள்ளரிக்காய், வாழைப்பழம். இவ்வளவுதான். கூடவே கஞ்சம் என்ற பெயரும் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது.

நாங்கள் பாளையங்கோட்டைக்காரர்கள். பொங்கல் விடுமுறை முடிந்து சென்னைக்குத் திரும்பிய கொழுந்தனாரின் காரில் நானும் அத்தையும் போனோம். 600 கிலோமீட்டருக்கு மேல். விடியுமுன் எழுந்து இட்லி அவித்துத் தட்டில் பரப்பி, ஆவி அடங்கிய பிறகு இரண்டு பக்கமும் நல்லெண்ணெயில் குழைத்த பொடியைத் தடவி, தணலில் வாட்டிய வாழை இலையில் அடுக்கினேன். சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோத்துச் சொட்டும். மதியத்துக்குள் இட்லி நூல் விட்டுவிடும். ஓரகத்தி பார்த்துவிட்டு, "வழியெல்லாம் ஹோட்டல்தானே அக்கா, இன்னும் கட்டுச்சோற்றுக் காலத்திலேயே இருக்கிறீர்களே?" என்று சிரித்தாள். நான் பதில் பேசாமல் தூக்கை என் காலடியில் வைத்துக்கொண்டேன்.

மதுரையில் பெயர் பெற்ற ஹோட்டலில் காலைச் சாப்பாடு என்று கொழுந்தனார் முடிவு செய்திருந்தார். அதை நம்பி விருதுநகர் தாண்டியதும் அத்தை சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டார். பிறகு ஒரு சுங்கச்சாவடி. ஊர் திரும்பும் கூட்டம் மொத்தமும் அங்கேதான் நின்றது. ஏசி ஓடும் காருக்குள் அத்தையின் கழுத்து வியர்த்தது, விரல்கள் நடுங்கின. சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டபின் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். கருப்பட்டியைப் பொடித்து வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தேன். தெளிந்ததும் இட்லி. பொட்டலத்தைப் பிரித்தவுடன் எள்ளும் பெருங்காயமும் கார் முழுக்க மணந்தன. ஓரகத்தி மகன் கை நீட்டினான், பிறகு அவளே நீட்டினாள். சுங்கச்சாவடியைத் தாண்டும்போது இலைதான் மிச்சம்.

சர்க்கரை நோயாளிக்குக் கருப்பட்டியா என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். தின்பண்டமாகக் கொடுக்கவில்லை, இறங்கிய சர்க்கரையை ஏற்றக் கொடுத்தேன். இட்லி வெறும் மாவுச்சத்து, புளிச்சோற்றில் எண்ணெய் கூடுதல் என்பார்கள். உண்மைதான். அதற்குத்தான் காணம் இருக்கிறது, புரதத்துக்குக் குறைவில்லை. வாசம் வர வறுத்து, மிளகாய் வற்றல், பூண்டு, புளி, உப்புடன் தண்ணீரை அளந்து தெளித்துக் கெட்டியாக அரையுங்கள். தேங்காய் வேண்டாம்; காரின் வெக்கையில் முதலில் ஊசிப்போவது அதுதான். வெறும் சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் கிருமி பெருகும். அது விடும் நச்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. புளி அதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். புளிச்சோறுதானே என்று இரவு வரை வைத்திருக்காதீர்கள். தை மாதமாக இருந்தால் அவித்த பனங்கிழங்கையும் நாரை உரித்து எடுத்துக்கொள்ளுங்கள். நார்ச்சத்து, பிள்ளைகளும் வெகுநேரம் மென்றுகொண்டு சும்மா இருப்பார்கள்.

கட்டிக்கொண்டு போகலாம், சரி. எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது? நான் சிறுமியாக இருந்தபோது கயத்தாறு, கோவில்பட்டி வழியில் சாலையின் இரண்டு பக்கமும் புளியமரங்கள் நிற்கும். அப்பா வண்டியை ஓரங்கட்டுவார், நாங்கள் பாயை விரிப்போம். நான்குவழிச் சாலைக்காக அத்தனையையும் வெட்டினார்கள். கட்டணம் மட்டும் தவறாமல் வாங்குகிறார்கள், அதுவும் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது. பதிலுக்கு நடுத்திட்டில் அரளி வளர்த்திருக்கிறார்கள். அரளி நிழலில் எந்தக் குடும்பம் இலை போட்டுச் சாப்பிடும்?