முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் நடுவில்: செஸ் ரேட்டிங் கேள்வி பதில்

சேலம் டவுன், ஏற்காடு, ஆத்தூர், ஓமலூர் பக்கத்திலிருந்து வந்த கேள்விகள் இவை. எல்லாமே ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: உலகின் முன்னணி ஆட்டக்காரர்களில் யார் தன் காலத்தில் மற்றவர்களை அதிகமாக ஆண்டார், அதை எண்களால் காட்ட முடியுமா? பதில்களில் ‘ஸ்கோர்’ என்றால் போர்டில் எடுத்தது (வெற்றிக்கு 1, டிராவுக்கு, அதாவது சமநிலைக்கு, அரை). ‘புள்ளி’ என்றால் ரேட்டிங் புள்ளி, அதாவது ஆட்டக்காரரின் பலத்துக்கு உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே தன் பட்டியலில் தரும் எண். அடிக்கடி வரும் ஃபிஷர், காஸ்பரோவ், கார்ல்சன் மூவரும் வெவ்வேறு காலத்தில் உலக சாம்பியனாக இருந்தவர்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஒரு கணக்கும் ஓடாது.

ஏற்காடு, கல்லூரி மாணவர்: சார், கார்ல்சனோட உச்சம் 2882. ஃபிஷரோடது 2785. கிட்டத்தட்ட நூறு புள்ளி கூட. இதுல பேச என்ன இருக்கு?

உங்கள் மலையையே எடுத்துக்கொள்வோம். தொட்டபெட்டா 2637 மீட்டர், ஏற்காடு 1515 மீட்டர். ஆனால் ஊட்டியே 2240 மீட்டரில் இருக்கிறது, அங்கிருந்து பார்த்தால் தொட்டபெட்டா ஒரு 400 மீட்டர் மேடு. சேலம் 278 மீட்டரில் கிடக்கிறது. அங்கிருந்து ஏற்காடு 1200 மீட்டருக்கு மேல் எழும்பி நிற்கிறது. சேலத்துக்காரனுக்கு எது பெரிய மலையாகத் தெரியும்?

எலோ ரேட்டிங்குக்குக் கடல்மட்டம் என்று ஒன்று கிடையாது. அர்பாத் எலோ வகுத்த முறை இரண்டு பேருக்கு நடுவிலுள்ள வித்தியாசத்தை மட்டும்தான் அளக்கிறது. 2785 என்ற எண் தனியாக நின்றால் அதற்குப் பொருளே இல்லை. அந்தக் காலத்தில் யார் யாரோடு ஆடினார்கள், புதியவர்களுக்கு எந்த ரேட்டிங் கொடுத்து உள்ளே விட்டார்கள் என்பதையெல்லாம் பொறுத்து மொத்தக் கூட்டமும் மேலேயோ கீழேயோ நகரும். 1972 ஜூலை ரேட்டிங் பட்டியலில் 2700க்கு மேல் இருந்தவர் ஃபிஷர் ஒருவரே. இரண்டாமிடத்தில் ஸ்பாஸ்கி, 2660. இடைவெளி 125. 2014 மே மாதம் கார்ல்சன் 2882 தொட்டபோது இரண்டாமிடத்தில் இருந்த அரோனியன் 2815. இடைவெளி 67. காஸ்பரோவ் 1999 ஜூலையில் 2851, அடுத்து நம் ஆனந்த் 2771. இடைவெளி 80.

இருவேறு காலத்து ஆட்டக்காரர்களை ஒப்பிட இந்த இடைவெளிதான் முதல் அளவுகோல். முழு எண்ணை ஒப்பிடாதீர்கள்.

அம்மாப்பேட்டை: 125, 80, 67ன்னா போர்டுல என்ன வித்தியாசம் தெரியும்ங்க?

வித்தியாசத்தை 400ஆல் வகுங்கள். அதை எதிர்க்குறியோடு 10இன் அடுக்காகப் போடுங்கள். வந்ததோடு 1 கூட்டி, 1ஐ அதனால் வகுங்கள். எக்செல்லில் =1/(1+10^(-125/400)) என்று அடித்தால் 0.67 வரும். ஃபிடே இதற்கு ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. அதன்படி 67 புள்ளி இடைவெளி என்றால் 0.59, 80க்கு 0.61, 125க்கு 0.67. அதாவது நூறு ஆட்டம் ஆடினால் கார்ல்சன் அரோனியனிடம் 59 ஸ்கோர் எடுக்க வேண்டும், காஸ்பரோவ் ஆனந்திடம் 61, ஃபிஷர் ஸ்பாஸ்கியிடம் 67. முதல் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். மூன்றாவது தனி ரகம்.

நிஜத்தில் நடந்ததோடு ஒட்டிப் பார்க்கலாம். 1972 உலகப் போட்டியில் ஃபிஷர் 12.5, ஸ்பாஸ்கி 8.5. மொத்தம் 21 ஆட்டம், ஆனால் இரண்டாவது ஆட்டத்துக்கு ஃபிஷர் வரவே இல்லை. ஆடாத ஆட்டம் ரேட்டிங்கில் சேராது. ஆக 20 ஆட்டம். 20 × 0.67 = 13.4 எதிர்பார்ப்பு, கிடைத்தது 12.5. உலக சாம்பியன் ஆகிவிட்டார், ஆனால் ரேட்டிங் அவரிடம் கேட்டதைவிட 0.9 குறைவு. அதனால்தான் அடுத்த பட்டியலில் 2785 என்பது 2780 ஆனது. பட்டம் வென்றவருக்கு ரேட்டிங் இறங்குமா என்று பலர் கேட்பார்கள். இறங்கும்.

சூரமங்கலம், கணக்கர்: பழைய பட்டியல்களையெல்லாம் எக்செல்லில் ஏற்றி, முதலிடம் கழித்தல் இரண்டாமிடம் போட்டு சராசரி எடுத்தேன். கார்ல்சன் வரிசையே நீளமாக வருகிறது, காஸ்பரோவ் சுருங்கிப்போகிறார். எங்கே தவறு?

தவறு எங்கே என்று உங்கள் வரிசை எண்ணிக்கையே சொல்லிவிடுகிறது. எழுபதுகளில் பட்டியல் வருடத்துக்கு ஒன்று. 1981லிருந்து ஆறு மாதத்துக்கு ஒன்று. 2000இலிருந்து மூன்று மாதம், 2009இலிருந்து இரண்டு மாதம், 2012 ஜூலையிலிருந்து மாதாமாதம். காஸ்பரோவின் ஒரு வருடம் உங்கள் தாளில் இரண்டு வரி, கார்ல்சனின் ஒரு வருடம் பன்னிரண்டு வரி. பக்கத்தில் ‘மாதங்கள்’ என்று ஒரு பத்தி சேர்த்து 12, 6, 3, 2, 1 என்று நிரப்புங்கள். இடைவெளியை அதனால் பெருக்கிக் கூட்டி, மொத்த மாதங்களால் வகுங்கள். நிலத்தின் அகலத்தையும் நீளத்தையும் பெருக்கிப் பரப்பு எடுப்பது மாதிரிதான். எவ்வளவு உயரம், எத்தனை நாள் என்ற இரண்டும் ஒரே எண்ணுக்குள் வந்துவிடும்.

இன்னும் நான்கு இடத்தில் கால் இடறும்.

ஆடாதவர்களை வெட்டியெடுங்கள். ஃபிஷர் 1972க்குப் பிறகு 1975 வரை ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை, ஆனால் பட்டியலில் 2780 என்று நின்றுகொண்டே இருந்தார். காஸ்பரோவ் 2005 மார்ச்சில் ஓய்வு அறிவித்தார். 2006 ஜனவரிப் பட்டியலிலும் 2812 உடன் அவர்தான் முதலிடம். அப்படியே கூட்டினால் ஆடாத மாதங்களுக்கும் ஆதிக்கம் என்று பெயர் வைத்ததாகிவிடும்.

1994 ஜனவரிப் பட்டியலில் காஸ்பரோவ் பெயரே இருக்காது. அவரும் இங்கிலாந்து ஆட்டக்காரர் ஷார்ட்டும் தனி அமைப்பு தொடங்கிப் பிரிந்ததால் ஃபிடே இருவரையும் நீக்கியது. அங்கே கார்போவ் முதலிடம் என்று காட்டும். அந்த ஆறு மாதத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவதுதான் நேர்மை.

இரண்டாமிடத்தோடு மட்டும் கழிக்காதீர்கள். 1990 ஜனவரியில் காஸ்பரோவ் 2800, கார்போவ் 2730, மூன்றாவது டிம்மன் 2680. இரண்டு ராட்சதர்கள் ஒரே காலத்தில் பிறந்துவிட்டால் இடைவெளி சின்னதாகத் தெரியும், அது முதலாமவரின் குறை அல்ல. 2ஆம் இடத்திலிருந்து 10ஆம் இடம் வரை சராசரி எடுத்து, அதிலிருந்து முதலிடத்தின் உயரத்தை அளந்து பாருங்கள். இரண்டு அளவுகளையும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் வையுங்கள்.

கடைசியாக, உச்சம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மட்டும் படம் எடுத்தால் நடுவில் ஏறி இறங்கியது பதிவாகாது. மாதாமாதம் எடுத்தால் பதிவாகும். ஆகவே ‘உச்ச இடைவெளி’ என்ற போட்டியில் பழையவர்களுக்குக் கொஞ்சம் நஷ்டம்தான். இன்னொன்றும் கவனியுங்கள். கார்ல்சனுக்கு 2889 என்று சிலர் சொல்வது 2014 ஏப்ரலில் வந்த நேரடிக் கணக்கு, அதாவது பட்டியலுக்குக் காத்திருக்காமல் ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் போடுவது. பட்டியலில் ஏறிய உச்சம் 2882.

அதே சூரமங்கலம்: இதையெல்லாம் திருத்திய பிறகு யாருங்க முதல்?

உயரத்துக்கு ஃபிஷர், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த 125ஐ அவர் ஆடித் தக்கவைத்துக்கொண்டது ஒரே ஒரு பட்டியல் காலம்தான். நீளத்துக்குக் காஸ்பரோவ்: 1984இல் முதலிடத்துக்கு வந்து, ஓரிரு இடைவெளிகள் தவிர 2005 வரை. 1996 ஜனவரியில் கிராம்னிக்கும் அவரும் 2775இல் சமமாக நின்றதுகூட அந்த நீளத்துக்குள் ஒரு சின்னப் பொட்டுதான். கார்ல்சன் 2011 ஜூலையிலிருந்து ஒரு பட்டியலில்கூட முதலிடத்தை விடவில்லை. அதுவும் கம்ப்யூட்டர் எல்லோர் வீட்டிலும் இருந்து, தயாரிப்பில் யாரும் யாரையும் பெரிதாக முந்த முடியாத காலத்தில். பரப்பு என்று பார்த்தால் என் தீர்ப்பு காஸ்பரோவ். உயரத்துக்கு அதிக மதிப்பெண் கொடுப்பவர் வேறு தீர்ப்பு எழுதலாம். அதை நான் தவறென்று சொல்ல மாட்டேன்.

ஆத்தூர்: கார்ல்சன் ஏன் 2900 தொடவில்லை அண்ணா?

2882இல் இருப்பவர் சராசரி 2750 ரேட்டிங் உள்ளவர்களோடு பத்து ஆட்டம் ஆடினால், இருந்த இடத்தில் இருக்கவே 6.8 ஸ்கோர் எடுக்க வேண்டும். பத்துக்கு 7 எடுத்துப் பட்டம் வென்றாலும் கூடுவது 0.2 × 10 = 2 புள்ளி. 2400ஐ ஒருமுறை தொட்டவருக்கு ‘கே’ என்ற பெருக்கு எண் 10 மட்டுமே. 2700க்காரரோடு ஒரு டிரா செய்தால் 2.4 போய்விடும். உச்சியில் நிற்பவருக்கு டிராவே இறக்கம்.

குகை: அப்போ நம்ம ஆனந்த் ஆதிக்கம் செலுத்தவே இல்லைன்னு ரேட்டிங் சொல்லுதா?

இந்தக் கேள்விக்கு 2008 அக்டோபர்ப் பட்டியலைப் பார்க்க வேண்டும். டோபலோவ் 2791, மொரோசெவிச் 2787, இவான்சுக் 2786, கார்ல்சன் 2786, ஆனந்த் 2783. ஐந்து பேரும் 8 புள்ளிக்குள். ஆனந்த் ஐந்தாவது. அதே மாதம் ஜெர்மனியின் பான் நகரில் கிராம்னிக்கை 6.5–4.5 என்று வென்று உலகப் பட்டத்தைத் தக்கவைத்தார். அந்த மாதிரிக் காலத்தில் ‘முதலிடம்’ என்பதே ஒரு டிராவில் மாறிவிடும். ரேட்டிங் காட்டுவது ஆனந்தின் குறையை அல்ல, அந்தத் தலைமுறையின் நெருக்கத்தை. அவர் உச்சம் 2011 மார்ச்சில் 2817. 2800ஐக் கடந்த நான்காவது மனிதர்.

நீள அளவுகோலை இந்தியாவுக்குள் வைத்துப் பாருங்கள். நாட்டில் முதலிடத்தை 1986இல் பிடித்தவர், 2023 செப்டம்பர்ப் பட்டியலில்தான் குகேஷிடம் கொடுத்தார். குகேஷ் 2758, ஆனந்த் 2754. முப்பத்தேழு வருடம்! எந்த நாட்டில் தேடினாலும் சுலபத்தில் கிடைக்காத நீளம் இது.

மேட்டூர்: 2018இல் கார்ல்சன் 2835, கருவானா 2832. மூன்று புள்ளி முன்னிலைக்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

கிடையாது. ஏன் என்று கணக்குப் போட்டே காட்டலாம். முன்னணியில் பத்துக்கு ஆறு ஆட்டம் டிரா என்று வைத்துக்கொண்டால் ஓர் ஆட்டத்தின் சிதறல் (முடிவு சராசரியிலிருந்து விலகும் அளவு) சுமார் 0.32. ஆட்டங்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து அதனால் வகுத்தால் சராசரியின் சிதறல். 20 ஆட்டத்துக்கு 0.07, அது 50 புள்ளிக்குச் சமம். 100 ஆட்டத்துக்கு 22 புள்ளி. 400 ஆட்டம் ஆடினாலும் 11 புள்ளி தள்ளாடும். 3 எங்கே நிற்கும்? அந்த வருடம் லண்டனில் இருவரும் மோதிய உலகப் போட்டியில் 12 ஆட்டமும் டிராவானது அந்த 3க்குப் பொருத்தமான பதில். கார்ல்சன் டை-பிரேக்கில் 3–0 என்று வென்றது வேகச் செஸ், அதற்கு ரேட்டிங்கே தனி.

இதே காரணத்துக்காகத்தான் ஒரே டோர்னமென்ட்டை வைத்து ஆதிக்கம் பேசக் கூடாது என்கிறேன். 2014 சிங்க்ஃபீல்டு கோப்பையில் கருவானா பத்துக்கு 8.5. எதிராளிகள் சராசரி 2802, 85 சதவீதத்துக்கு அட்டவணை தரும் கூடுதல் 296, ஆக ஆட்டத்திறன் ரேட்டிங் (அந்த ஒரு டோர்னமென்ட்டை மட்டும் வைத்துப் போடும் எண்) 3098. ஒரு ஸ்கோர் குறைந்திருந்தால் கூடுதல் 193. ஒரு ஸ்கோர் ஏறியிருந்தால் 470. உச்சிக்குப் போகப் போக அட்டவணை இப்படித் தாவும். 12க்கு 12 எடுத்தால் சூத்திரம் முடிவிலிக்கு ஓடிவிடும் என்பதால் ஃபிடே 800 என்று நிறுத்தி வைத்திருக்கிறது. 1971இல் ஃபிஷர் டைமனோவை 6–0, லார்சனை 6–0 என்று வென்றதற்கு ஒழுங்கான ஓர் எண் கொடுக்க முடியாதது இதனால்தான். கருவானாவின் அந்த ஓட்டம் பட்டியலில் விட்ட தடம் வேறு விதம்: மே மாதம் 67 ஆக இருந்த கார்ல்சனின் இடைவெளி அக்டோபரில் 19 (2863, 2844).

செவ்வாய்ப்பேட்டை: லாஸ்கர், கபாபிளாங்கா காலத்துக்கு?

ஃபிடே எலோ முறையை ஏற்றது 1970இல். அதற்கு முன்னால் ஆடிய இந்தப் பழைய உலக சாம்பியன்களுக்கு உள்ளதெல்லாம் அவர்களின் ஆட்ட முடிவுகளிலிருந்து பின்னோக்கிப் போட்ட கணக்கு. புள்ளிவிவரக்காரர் ஜெஃப் சோனாஸ் அப்படிப் போட்டதில் ஃபிஷர் 2895, காஸ்பரோவ் 2886, போட்வின்னிக் 2885, லாஸ்கர் 2878, கபாபிளாங்கா 2877. ஆடாமல் இருந்தால் புள்ளி குறையும்படி அவர் வைத்திருக்கிறார். ஆகவே இந்த எண்களை ஃபிடே எண்களோடு ஒரே பத்தியில் போடாதீர்கள்.

ஏற்காடு, பள்ளி ஆசிரியை: பெண்களில் யாருங்க?

யூடிட் போல்கார். 1989 ஜனவரியில் 12 வயதில் 2555 உடன் பெண்களில் முதலிடம். 2014இல் ஓய்வு பெறும்வரை அதை விடவில்லை. 2005 ஜூலையில் 2735, ஆண்களையும் சேர்த்து உலகில் எட்டாமிடம். 2600ஐக் கடந்த இரண்டாவது பெண் நம் கொனேரு ஹம்பி, 2007 அக்டோபரில் 2606. உயரம், நீளம் இரண்டிலும் ஒரே பெயர் வருவது போல்கார் விஷயத்தில் மட்டும்தான். செஸ்ஸின் மிகப் பெரிய ஆதிக்கம் எது என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஓமலூர், ஒரு தாய்: பையன் 1500ல இருந்தான், கூட ஆடற பையன் 1400. 2024 மார்ச்ல ரெண்டு பேருக்கும் ஆடாமலே ஏறிடுச்சு. ஆனா வித்தியாசம் 60 ஆயிடுச்சு. எம்பையன் பின்தங்கிட்டானாங்க?

இல்லைங்க அம்மா. 2024 மார்ச் 1 அன்று ஃபிடே 2000க்குக் கீழே இருந்த எல்லோருக்கும், 2000க்கு எவ்வளவு குறைவோ அதில் 40 சதவீதம் கூட்டியது. உங்கள் மகனுக்கு 500இல் 40 சதவீதம், 200. அவன் 1700. அந்தப் பையனுக்கு 600இல் 40 சதவீதம், 240. அவன் 1640. எல்லோருடைய இடைவெளியும் அன்று ஒரே நாளில் ஐந்தில் மூன்று பங்காகச் சுருங்கியது.

18 வயதுக்குள், 2300க்குக் கீழே இருப்பவர்களுக்கு ‘கே’ 40. தன்னைவிடச் சராசரி 60 புள்ளி குறைந்தவர்களோடு எட்டு ரவுண்டு ஆடினால் எதிர்பார்ப்பு 4.64. 6 எடுத்தால் 54 புள்ளி ஏறும், 3.5 எடுத்தால் 46 இறங்கும். ஒரு வாரக் கடைசியில் நூறு புள்ளி ஆடிவிடுகிற வயதில் 60ஐப் பார்த்துக் கவலைப்படவோ பெருமைப்படவோ ஒன்றுமில்லை. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரே நோட்டில் எழுதி வைத்திருந்தால், மார்ச்சுக்கு முந்தைய 2000க்குக் கீழான ஒவ்வொரு எண்ணையும் 0.6ஆல் பெருக்கி 800 கூட்டி மாற்றி எழுதுங்கள். 1400க்கு 1640, 1500க்கு 1700 வருகிறதா என்று முதலில் சரிபார்த்துவிட்டு மற்றதை மாற்றுங்கள்.