உலை எஃகு: கஞ்சிக்கோட்டு வட்டாரக் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): கல்பாக்கம் ஈனுலையில் (புது எரிபொருளையும் ஈனும் அணு உலை) எஃகு வீங்கும் என்கிறார்களே, எப்படி ஐயா?

பதில்: வேக நியூட்ரான் மோதினால் அணு தன் இடத்தைவிட்டுத் தெறிக்கிறது. இப்படிக் காலியான இடங்கள் ஒன்றுகூடி நுண்குழிகளாகின்றன. கன அளவு பெருகுகிறது. ஸ்காட்லாந்தின் டவுன்ரே உலை எஃகில் கண்ட இது 1967இல் வெளியானது. எரிபொருளைப் பொதிந்திருக்கும் எஃகு உறைகள் வளைந்தால் அதை வெளியே எடுப்பதே பெரும்பாடு. அதனால்தான் உறைக்கு டி9 என்ற எஃகு: குரோமியம் 15 சதவீதம், நிக்கல் 15 சதவீதம், கொஞ்சம் டைட்டானியம், சூடாக்காமலே 20 சதவீதம் இழுத்து வலுவாக்கியது. வீக்கம் தள்ளிப்போகும், ஒழியாது.

கேள்வி (வாளையார்): 9 குரோம் எஃகு (9 சதவீதம் குரோமியம் உள்ளது) அவ்வளவாக வீங்காதே. உறைக்கு அதையே போடலாமே?

பதில்: வீங்காது, மெய்தான். ஆனால் உறை 600 டிகிரியைத் தாண்டும். அங்கே அதன் வலு சரிகிறது.

மீண்டும் வாளையார்: பிறகு நீராவி ஜெனரேட்டருக்கு மட்டும் ஏன்?

பதில்: அங்கே வெப்பம் குறைவு. குழாயின் ஒரு பக்கம் உலையின் வெப்பத்தைக் கொண்டுவரும் திரவ சோடியம், மறுபக்கம் தண்ணீர். 316 வகைத் துருப்பிடிக்காத எஃகைப் போட்டால் தண்ணீரிலுள்ள குளோரைடு அதில் விரிசல் விடும். விரிசல் வழியே இரண்டும் சந்தித்தால் தீ, ஹைட்ரஜன், அரிப்பு. ஆகவே 9 குரோம்.

இன்னும் வாளையார்: 9 குரோம் எஃகில் யிட்ரியம் ஆக்சைடு கலந்தால் வீங்காமை, சூட்டில் வலு இரண்டும் கிடைக்குமே!

பதில்: கிடைக்கும், நான் பெரிதும் நம்பும் எஃகு அது. சில நானோமீட்டர் அளவேயுள்ள ஆக்சைடு துகள்கள்தாம் வலுவைத் தாங்குகின்றன. வழக்கமான வெல்டிங்கில் உருக்கினால் அவை திரண்டு பிரிந்துவிடும். உருக்காமல் இணைக்க வேண்டும். அது கைகூடாமல் உறைக்கு அதைச் சொல்வதில் பயனில்லை.

கேள்வி (கஞ்சிக்கோடு, வெல்டர்): 9 குரோம் குழாயில் வெல்டிங் நன்றாக இருக்கிறது, பக்கத்தில்தான் விரிசல். ஏன்?

பதில்: வெல்டிங்கை ஒட்டி, உருகாமல் வெப்பம் மட்டும் தாக்கிய பட்டையின் வெளி ஓரம்தான் பலவீனமான இடம், நான்காம் வகை விரிசல் என்பார்கள். ஆண்டுக்கணக்கில் சூட்டில் இழுபட்ட பிறகே தெரியும். வெல்டிங்குக்குப் பின் 760 டிகிரி அளவில் பதப்படுத்தியே ஆக வேண்டும். ஆனாலும் அந்த ஓரத்தின் பலவீனம் முழுதாகப் போகாது. வடிவமைப்பிலேயே அங்கே அழுத்தத்தைக் குறைக்க வேண்டும்.

கேள்வி (சித்தூர்): காந்தம் ஒட்டும் துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரம் போலியா?

பதில்: இல்லை. இது பலமுறை வந்துவிட்டது, இனி பதில் தரமாட்டேன்.

கேள்வி (கொல்லங்கோடு): அணுமின் துறையில் வேலை கிடைக்குமா?

பதில்: துறையின் அறிவிப்பைப் பாருங்கள்.

கேள்வி (கஞ்சிக்கோடு): துருப்பிடிக்காத எஃகு துருப்பிடித்துவிட்டது?

பதில்: சாதா இரும்பு பிரஷ் போட்டீர்களா? போடாதீர்கள். இரும்புக்கு ஓட்டிய கிரைண்டிங் சக்கரமும் வேண்டாம், குளோரைடு உள்ள மார்க்கரும் வேண்டாம். பிரஷைத் தனியாகப் பூட்டி வையுங்கள்.