நூறு கமாண்ட் மனப்பாடம், ஆனால் சர்வர் நின்றால் கை ஓடவில்லை

கேள்வி: பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம் படிக்கிறேன். சிஸ்டம் அட்மின் வேலைக்குப் போக ஆசை. 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் உபுண்டு போட்டு, வீடியோ பார்த்து நூறு கமாண்டாவது மனப்பாடம் செய்திருப்பேன். ஆனாலும் ஏதாவது ஓடாமல் நின்றால் எங்கே தொடங்குவதென்றே தெரிவதில்லை. கோர்ஸில் சேர்ந்தால் சரியாகுமா?

பதில்: கோர்ஸை அப்புறம் பார்க்கலாம். உபுண்டுவில் பிரவுசர் திறப்பதும் படம் பார்ப்பதுமாக இருந்தால் பழுது எப்படி வரும்? பழுது வராத மெஷினில் அட்மின் வேலை பழக முடியாது. அதனால் நீங்களே உடைக்கலாம் என்கிற மாதிரி ஒரு சர்வர் வேண்டும்.

உபுண்டு அப்படியே இருக்கட்டும். அதில் வர்ட் மேனேஜர் (virt-manager) என்ற, லேப்டாப்புக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை உருவாக்கும் மென்பொருளைப் போட்டு, 2 ஜிபி ராம், 20 ஜிபி டிஸ்க் கொடுத்து ஒரு விர்ச்சுவல் மெஷினில் டெபியன் நிறுவுங்கள், டெஸ்க்டாப் வேண்டாம். உபுண்டுவே டெபியனிலிருந்து கிளைத்ததுதான், படித்தது எதுவும் வீணாகாது. நிறுவும்போது ரூட் (முழு அதிகாரமுள்ள கணக்கு) பாஸ்வேர்ட் கேட்கும் இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள், அப்போதுதான் உங்கள் பயனர் கணக்குக்கு சூடோ (ரூட் அதிகாரத்தோடு கமாண்ட் கொடுக்கும் வசதி) தானாக அமையும். பாஸ்வேர்ட் கொடுத்துவிட்டு சூடோ எங்கே என்று தேடுபவர்கள் ஏராளம். முடிந்ததும் ஒரு ஸ்னாப்ஷாட் (உடைத்தபின் திரும்பி வர, மெஷினின் அப்போதைய நிலையின் பதிவு) எடுத்துக்கொண்டு, இனி அந்த மெஷினுக்குள் எஸ்எஸ்எச் (வெளியிலிருந்து நெட்வொர்க் மூலம் கமாண்ட் கொடுக்கும் முறை) வழியாக மட்டுமே போவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, என்ஜின்எக்ஸ் (nginx) என்ற வெப் சர்வரைப் போட்டு ஒரு பக்கத்தை ஓடவைப்பது. ஓடியதும் அதன் கான்ஃபிக் ஃபைலில் லிசன் (listen) வரியின் முடிவில் உள்ள அரைப்புள்ளியை எடுத்துவிட்டு ரீலோட் கொடுங்கள். பிழை என்று கத்தும், ஆனால் பக்கம் வந்துகொண்டேதான் இருக்கும், ஏனென்றால் புதிய கான்ஃபிக் தேறாததால் பழையதை வைத்தே அது ஓடுகிறது. இப்போது ரீஸ்டார்ட் கொடுங்கள், ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுப் புதிதாகத் தொடங்கப் பார்க்கும், தொடங்க முடியாது, பக்கம் போச்சு. கம்பெனி சர்வரில் இந்த வித்தியாசம் தெரியாமல் ரீஸ்டார்ட் தட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாற்றிய கையோடு என்ஜின்எக்ஸுக்கு டி (-t) ஆப்ஷன் கொடுத்துச் சோதித்தால் எந்த வரியில் தப்பு என்று அதுவே சொல்லிவிடும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்களே, லாகில்தான், அதாவது மெஷின் எழுதிவைக்கும் நடப்புக் குறிப்பில். சர்வீஸ் ஓடுகிறதா என்று காட்டும் சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் (systemctl status) முதலில், அது போதாவிட்டால் முழு லாகையும் காட்டும் ஜர்னல்சிடிஎல் (journalctl). இணையத்தில் பழைய குறிப்புகள் பலவும் சிஸ்லாக் ஃபைலைத் திறக்கச் சொல்லும். டெபியன் 12 முதல் அந்த ஃபைல் தானாக இருக்காது, எல்லாம் ஜர்னலுக்குள் போகிறது. பிழைச் செய்தியை முழுசாகப் படியுங்கள். முதல் வரியைத் தேடலில் ஒட்டி, கண்ட இடத்தில் 777 பர்மிஷன் (யார் வேண்டுமானாலும் படிக்க, மாற்ற, ஓட்ட அனுமதி) கொடுக்கச் சொல்லும் பதிலைப் பிடித்துக்கொண்டு வருவது பெரிய வியாதி.

அடுத்து, வேலையில் நிச்சயம் எதிர்ப்படும் ஒரு புதிர். டிஸ்கில் மீதி இடத்தைக் காட்டும் டிஎஃப் (df) கமாண்ட், டிஸ்க் நிறைந்துவிட்டது என்கிறது, ஃபைல்களின் அளவைக் காட்டும் டியு (du) வைத்துக் கூட்டினால் பாதிகூட வரவில்லை. யாரோ பெரிய லாக் ஃபைலை ஆர்எம் (rm) கமாண்ட் போட்டு அழித்திருப்பார்கள். ஆர்எம் எடுப்பது பெயரை மட்டும்தான், ஏதாவது ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் வரை டிஸ்கில் இடம் விடுபடாது. இதை நீங்களே செய்து பார்க்கலாம்: உங்கள் ஹோமில் ஃபாலோகேட் (fallocate) கமாண்டால் 2 ஜிபி ஃபைல் ஒன்றை உருவாக்கி, அதை சும்மா காத்திருக்கும் ஸ்லீப் (sleep) கமாண்டுக்கு இன்புட்டாகக் கொடுத்துப் பின்னணியில் ஓடவிட்டு, ஃபைலை அழியுங்கள். டிஎஃப் அசையாது. திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் (lsof) போட்டால் பெயருக்குப் பக்கத்தில் டிலீட்டட் என்று காட்டிக்கொடுக்கும். ஸ்லீப்பைக் கில் செய்த நொடியில் 2 ஜிபியும் திரும்பிவிடும். நிஜ சர்வரில் என்றால் சம்பந்தப்பட்ட சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், அடுத்த முறை அழிக்காமல் ட்ரன்கேட் செய்ய (ஃபைலை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்ய) வேண்டும். இடம் நிறையவே இருந்தும் டிஸ்க் ஃபுல் என்று வந்தால் ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு) தீர்ந்திருக்கலாம், டிஎஃப்போடு ஐ (-i) ஆப்ஷன் சேர்த்துப் பாருங்கள்.

பேக்கப்புக்கு, ஃபைல்களை வேறு இடத்துக்கு நகலெடுக்கும் ஆர்சிங்க் (rsync) போதும், ஆனால் எடுத்த பேக்கப்பை இன்னொரு புது மெஷினில் போட்டு அதே பக்கத்தை ஓடவைக்கும் வரை அதைப் பேக்கப் என்று நம்பாதீர்கள்.

கோர்ஸ் விஷயம். லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹாட்டின் சிஸ்டம் அட்மின் சான்றிதழுக்கான ஆர்எச்சிஎஸ்ஏ (RHCSA) தேர்வு, மெஷினைக் கையில் கொடுத்து வேலையை முடிக்கச் சொல்லும் தேர்வு, நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற கதையே கிடையாது, ஆகவே மேலே சொன்னதையெல்லாம் செய்து பழகாமல் கோர்ஸுக்குக் கட்டும் பணம் தண்டம். கல்லூரி முடியும் தருவாயில், ரெட் ஹாட் லினக்ஸோடு ஒத்துப்போகும் ராக்கி லினக்ஸ் போட்டு இதே வேலைகளைத் திரும்பச் செய்யுங்கள். மென்பொருள் நிறுவ டெபியனில் ஏபிடி (apt) இருந்த இடத்தில் இங்கே டிஎன்எஃப் (dnf) இருக்கும், அது ஒரு நாளில் பழகிவிடும். படுத்துவது எஸ்இலினக்ஸ்தான் (SELinux), அதாவது வழக்கமான பர்மிஷனுக்கு மேல் வரும் கூடுதல் பாதுகாப்புக் கட்டுப்பாடு. பர்மிஷன் எல்லாம் சரியாக இருந்தும் என்ஜின்எக்ஸ் ஒரு ஃபைலைத் தொட மறுத்தால் அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும், தடுத்த விவரம் ஆடிட் லாகில் இருக்கும். எஸ்இலினக்ஸை டிஸேபிள் செய்துவிடு என்று சொல்லும் வீடியோக்களை மட்டும் தயவுசெய்து மூடிவிடுங்கள்.