பத்து சென்ட் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் எழுதிய குறிப்பில் கேரளத்தின் கே.ஆர். கௌரியம்மாவை ‘தென்னிந்தியா கண்ட நல்ல துறை அமைச்சர்களில் ஒருவர்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அது ஒப்பவில்லை. நான் மார்த்தாண்டத்துக்காரன், மலையாளச் செய்தி பார்த்தே வளர்ந்தவன். எனக்கு நினைவு தெரிந்த கௌரியம்மா, காங்கிரஸ் அணியின் அமைச்சரவையில் உட்கார்ந்திருந்த வயதான அம்மாள். கம்யூனிஸ்டாகத் தொடங்கி, கட்சியால் வெளியேற்றப்பட்டு, சொந்தமாக ஒரு சின்னக் கட்சி வைத்து, எதிரணிக்குப் போய் அமைச்சரானவர். முதல்வர் நாற்காலி கைக்கு எட்டியும் கிடைக்கவில்லை. கடைசித் தேர்தல்களில் தோல்வி. நிலச்சீர்திருத்தம் என்பார்கள். அதைச் செய்தது முதல்வராக இருந்த இ.எம்.எஸ்.ஸா, அவருக்குப் பின் முதல்வரான அச்சுத மேனனா என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். நடுவில் இவர் பங்கு என்ன? பெண் என்பதால் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறோமோ?

ச.,
மார்த்தாண்டம்

அன்புள்ள ச.,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பெண் என்பதால் அவருக்கு என்ன கூடுதலாகக் கிடைத்தது என்று யோசித்தால் 1987தான் ஞாபகம் வருகிறது. தென்னை செழித்த கேரளத்தை கே.ஆர். கௌரி ஆளுவார் என்று எதுகை மோனையோடு கோஷம் போட்டு ஓட்டுக் கேட்டார்கள். இடது முன்னணி ஜெயித்தது. முதல்வரானவர் ஈ.கே. நாயனார். கௌரியம்மாவுக்குத் தொழில்துறை கொடுத்தார்கள். பிற்படுத்தப்பட்ட ஈழவச் சாதிப் பெண் என்பதால் ஒதுக்கினார்கள் என்று ஒரு பேச்சு, யாருக்கும் அடங்காத வாய் என்பதால் என்று இன்னொரு பேச்சு. எனக்கு இரண்டிலும் உண்மை இருப்பதாகவே படுகிறது. (அந்தத் துறையிலும் சும்மா இருக்கவில்லை. திருவனந்தபுரத்து டெக்னோபார்க் 1990இல் தொடங்கியபோது தொழில் அமைச்சர் அவர்தான்.)

சரி, நிலத்துக்கு வருவோம்.

1957 ஏப்ரல் 5 அன்று இ.எம்.எஸ். தலைமையில் 11 பேர் கொண்ட அமைச்சரவை பதவியேற்றது. அதில் ஒரே பெண் கௌரி. வயது 37. சேர்த்தலைப் பக்கம் பட்டணக்காட்டுக்காரர், வக்கீலுக்குப் படித்தவர், சிறைக்குப் போய் அடிபட்டு வந்தவர். லத்திக்குக் கருத்தரிக்க வைக்கும் சக்தி இருந்திருந்தால் தனக்கு எத்தனையோ லத்திக் குழந்தைகள் பிறந்திருக்கும் என்று பின்னாளில் அவர் சொன்னது கேரளத்தில் எல்லோருக்கும் தெரியும். அவருக்குக் கொடுத்தது வருவாய்த் துறை.

பதவியேற்று ஆறே நாளில், ஏப்ரல் 11 அன்று, ஓர் அவசரச் சட்டம் வந்தது. குத்தகைக்காரரையோ குடிசைக்காரரையோ இருக்கும் இடத்திலிருந்து வெளியேற்றக் கூடாது, நடக்கும் வழக்குகளும் அப்படியே நிற்க வேண்டும், அவ்வளவுதான். பார்க்கச் சின்னக் காரியம். நான் அவரை மெச்சுவது முதலில் இதற்குத்தான். சீர்திருத்தச் சட்டம் வரப்போகிறது என்ற வாசனை பட்டாலே போதும், நிலவுடைமைக்காரர் முந்திக்கொள்வார். குத்தகைக்காரரை விரட்டிவிட்டு, சொந்தச் சாகுபடி என்று எழுதி வைத்துவிடுவார். சட்டம் வரும்போது பயன்பெற ஆளே இருக்காது. அதனால் முதலில் கதவை அடைத்துவிட்டு, அப்புறம் நிதானமாக உட்கார்ந்து சட்டம் எழுதினார்கள். 1957 டிசம்பரில் மசோதா வந்தது, 1959 ஜூனில் நிறைவேறியது. ஜூலை 31 அன்று ஆட்சியையே மத்திய அரசு கலைத்துவிட்டது. பிறகு அந்தச் சட்டம் டெல்லிக்கும் நீதிமன்றத்துக்கும் அலைந்து, காங்கிரஸ் ஆட்சியில் 1963இல் நீர்த்துப்போன வடிவத்தில் ஒன்று வந்தது.

1967இல் மறுபடி இ.எம்.எஸ்., மறுபடி வருவாய்த் துறையில் கௌரி. இதற்கிடையில் வீட்டுக்குள்ளும் ஒன்று நடந்திருந்தது. 1957இல் சக அமைச்சர் டி.வி. தாமஸைத் திருமணம் செய்துகொண்டார். 1964இல் கட்சி உடைந்தபோது அவர் சி.பி.ஐ., இவர் சி.பி.எம். 1967 அமைச்சரவையில் இருவருமே இருந்தார்கள், ஆளுக்கொரு கட்சியின் அமைச்சராக. பிரிந்தது பிரிந்ததுதான்.

நிலச்சீர்திருத்தம் என்றாலே நம் ஊரில் உச்சவரம்பைத்தான் பேசுவோம். யாரிடம் எத்தனை ஏக்கர், யார் பெயரில் பினாமி. கேரளத்தில் அதைவிட ஆழமாக இறங்கியது ‘குடிகிடப்பு’. விளவங்கோடு பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள், அந்தச் சொல் உங்கள் ஊரிலும் புழங்கியதுதான். ஜன்மியின், அதாவது நிலவுடைமைக்காரரின், தோப்பு மூலையில் குடிசை போட்டுக்கொண்டு, அவர் கூப்பிட்டபோதெல்லாம் வேலைக்குப் போய், அவர் போ என்றால் போகவேண்டிய நிலை. 1969 திருத்தச் சட்டம் இவர்களுக்குக் குடிசையையும் அதைச் சுற்றிய மண்ணையும் சொந்தமாக்கியது. பஞ்சாயத்தில் 10 சென்ட், நகராட்சியில் 5, பெருநகரில் 3.

சில வருடங்களுக்கு முன் சேர்த்தலைப் பக்கம் நண்பரின் உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். கயிறு திரிக்கும் ஊர். காயலில் ஊறப்போட்ட தேங்காய் மட்டையின் நாற்றம் முதல் நாள் முகத்தைச் சுளிக்க வைத்தது, மறுநாள் தெரியவே இல்லை. வீட்டில் எண்பது தாண்டிய அம்மும்மா ஒருவர். வேலியை ஒட்டி நின்ற ஒரு தென்னையைக் காட்டி, முன்பெல்லாம் ராத்திரி தேங்காய் விழும் சத்தம் கேட்டாலும் எழுந்து போய் எடுக்க மாட்டோம், அது ஜன்மியுடையது, எண்ணி வைத்திருப்பார்கள் என்றார். 1970இல் ஒருநாள் அவருடைய கணவரும் இன்னும் நாலைந்து பேரும் கயிறு பிடித்துப் பத்து சென்ட்டை அளந்தார்கள். தென்னையோலையால் வேலி கட்டினார்கள். பிறகு அவர் மரத்தில் ஏறி ஒரு குலையை வெட்டிப் போட்டாராம். “பயமாக இல்லையா?” என்று கேட்டேன். “பயம்தான், ஆனால் அன்று மத்தியானமே அரைத்துக் கறி வைத்துவிட்டேன்” என்றார்.

யார் செய்தது என்று கேட்டீர்களே, பதில் அந்தக் குலைக்குள் இருக்கிறது. 1969 அக்டோபரில் சட்டமன்றம் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியபோது வருவாய் அமைச்சர் கௌரி. அதே மாதம் ஆட்சி கவிழ்ந்தது. 1970 ஜனவரி 1 அன்று சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது சி.பி.ஐ.யின் அச்சுத மேனன் அரசு. அதில் கௌரி இல்லை, அவர் கட்சியும் இல்லை. அப்போது சி.பி.எம். தெருவில் இறங்கி, அதிகாரி வரட்டும் என்று காத்திராமல் நீங்களே அளந்து வேலி கட்டுங்கள் என்றது. எழுதியவர் ஒருவர், கையெழுத்துப் போட்டவர் இன்னொருவர், கயிறு பிடித்தவர் மூன்றாமவர். 2020இல் பொன்விழா கொண்டாடியபோதும் அச்சுத மேனன் பெயரைச் சொல்லவில்லை என்று இரண்டு கட்சிகளும் முட்டிக்கொண்டன. அன்று கௌரியம்மாவுக்கு நூறு வயது. 1957இலும் 1967இலும் மசோதாவைக் கையில் வைத்திருந்தவர் என்ற ஒரே காரணத்தால் நான் அவர் பெயரை முதலில் சொல்கிறேன். நீங்கள் அச்சுத மேனனை முதலில் சொன்னால் சண்டைக்கு வரமாட்டேன்.

குறைகளை மறைக்கவும் விருப்பமில்லை. உச்சவரம்பு தோற்றது. 1957இலிருந்து 1970 வரை கிடைத்த இடைவெளியில் பெரிய குடும்பங்கள் பிள்ளைகளுக்கும் பேரன்களுக்கும் பாகம் எழுதி முடித்துவிட்டன. மிச்சபூமி, அதாவது உச்சவரம்புக்கு மேல் மிஞ்சும் நிலம், என்று எதிர்பார்த்த அளவில் கால்வாசிகூடத் தேறவில்லை என்பதுதான் பொதுவான கணிப்பு. தேயிலை, ரப்பர் போன்ற தோட்டங்களுக்கு விலக்கு. குத்தகை உரிமை இருந்தவருக்கு வயல் கிடைத்தது. வயலில் கூலிக்கு இறங்கிய தலித்துகளான புலையருக்குக் குடிசை மனை மட்டுமே. ஆதிவாசிக்கு அதுவும் இல்லை.

எதிரணிக் கதைக்கு வருகிறேன். 1994இல் சி.பி.எம். அவரை வெளியேற்றியது. ஜே.எஸ்.எஸ். என்று தனிக்கட்சி தொடங்கி காங்கிரஸ் அணியில் சேர்ந்தார். 2001 முதல் 2006 வரை விவசாய அமைச்சர். அந்த ஐந்து வருடத்தில் எனக்குச் சொல்லத் தோன்றும்படி எதுவும் இல்லை, அந்த விஷயத்தில் உங்கள் பக்கமே நானும் உட்கார்ந்துகொள்கிறேன். 2006இல் ஆலப்புழை மாவட்டத்து அரூர் தொகுதியில் தோற்றார், 2011இலும் தோல்வி. 2021 மே 11 அன்று 101 வயதில் இறந்தார்.

ஆனால் அந்தச் ‘சின்னக் கட்சி’ என்ற இடத்தில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. ஆதிவாசிகளிடமிருந்து பறிபோன நிலத்தைத் திருப்பித் தர 1975இல் கேரளம் ஒரு சட்டம் போட்டது, போட்டதோடு சரி. இருபது வருடம் எந்த அரசும் அதை நடைமுறைப்படுத்தவில்லை. நீதிமன்றம் நெருக்கியதும் 1996இல் அந்தச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கும் திருத்த மசோதாவை நாயனார் அரசு கொண்டுவந்தது. நிலத்தைக் கையில் வைத்திருந்த குடியேறிகளின் ஓட்டு இரு அணிக்கும் வேண்டியிருந்தது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதமில்லாமல் எல்லோரும் ஆதரித்தார்கள். 140 தொகுதிகளின் அந்த அவையில் எதிர்த்து நின்றது ஒரே ஒருவர், அரூர் உறுப்பினர் கே.ஆர். கௌரி. அவர் சேர்ந்திருந்த காங்கிரஸ் அணியும் அன்று மசோதாவின் பக்கம்தான் இருந்தது. அவருக்கு அப்போது 77 வயது. அந்த மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

அன்புடன்