கத்தரி இலையைத் தின்னும் பொறிவண்டு

அன்புள்ள ஐயா, வணக்கம்.

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டின் பின்புறம் கத்தரியும் அவரையும் போட்டிருக்கிறோம். பொறிவண்டு நன்மை செய்யும் பூச்சி என்று கேள்விப்பட்டிருந்ததால், கத்தரியில் புள்ளி வைத்த செம்பழுப்பு வண்டுகள் வந்தபோது விட்டுவைத்தேன். இப்போது இலைகளெல்லாம் சல்லடையாகிவிட்டன. செம்பருத்தியில் வேறு, வெள்ளைப் பஞ்சு ஒட்டிய புழுக்கள் ஊர்கின்றன. இரண்டுக்கும் மருந்தடித்துவிடலாம் என்கிறார் என் மாமியார். என்ன செய்யட்டும்?

ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

அன்புள்ள சகோதரிக்கு,

மருந்தைக் கையில் எடுப்பதற்கு முன் அந்த இரண்டு செடிகளையும் இன்னொரு முறை பாருங்கள். இரண்டுக்கும் ஒரே தீர்ப்பு சொல்ல முடியாது.

உலகில் ஏறத்தாழ 6,000 வகைப் பொறிவண்டுகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சிகளான அசுவினியையும் செதில்பூச்சியையும் மாவுப்பூச்சியையும் தின்று வாழ்கின்றன. ஆனால் எப்பிலக்னா என்னும் பிரிவைச் சேர்ந்தவை இலைதின்னிகள். உருளைக்கிழங்கு, கத்தரி, பூசணி இனங்களை நாடி வரும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் கத்தரியில் இருப்பவை அவையாகத்தான் இருக்க வேண்டும். புள்ளிகளை எண்ணி இதை முடிவு செய்ய முயலாதீர்கள். ஒரே இனத்திலேயே புள்ளிகள் கூடும், குறையும், சிலவற்றில் இல்லாமலே போகும். வண்டின் முதுகை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பூச்சிதின்னும் பொறிவண்டுகளில் நாம் அடிக்கடி காண்பவற்றின் முதுகு எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். எப்பிலக்னாவின் முதுகில் நுண்ணிய மயிர் படர்ந்திருப்பதால் அது மங்கலாகத் தெரியும்; பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அந்த மயிரே கண்ணுக்குப் புலப்படும்.

இதைவிட உறுதியான சான்று இலையின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. எப்பிலக்னாவின் புழு மஞ்சள் நிறமானது. உடலெங்கும் கிளைவிட்ட முட்கள் நிற்கும். அது அடிப்பக்கத்துப் பச்சையைச் சுரண்டித் தின்றுவிட்டு மேல்தோலை விட்டுவைப்பதால், இலையை வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடி பதித்தாற்போன்ற வெளிறிய திட்டுகள் தெரியும். அவை காய்ந்து உதிரும்போதுதான் நீங்கள் சொல்லும் சல்லடை உண்டாகிறது. ஆகவே கத்தரியில் தயங்காமல் கைவையுங்கள். காலையில், வெயில் ஏறி வண்டுகள் சுறுசுறுப்பாவதற்கு முன், வண்டையும் புழுவையும் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். வீட்டுத் தோட்டத்துக்கு இதுவே போதும். முட்டைகளில் மட்டும் சற்றுப் பொறுமை வேண்டும். இரு சாராரும் மஞ்சள் முட்டைகளைக் கொத்தாக இடுவதால், அருகில் அசுவினி இருந்தால் சில நாள் விட்டு, வெளிவரும் புழுவைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

செம்பருத்திச் செய்தியில்தான் எனக்கு உண்மையான கவலை. அந்த வெள்ளைப் புழுவை ஒரு புல்நுனியால் தொட்டுப் பாருங்கள். மாவுப்பூச்சியாக இருந்தால் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே கிடக்கும். விறுவிறுவென்று நடந்தால், அதன் மெழுகு இழைகளும் மாவுப்பூச்சியின் இழைகளைவிட நீண்டு கலைந்திருந்தால், அது மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் புழு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த வண்டை மாவுப்பூச்சியை ஒழிப்பதற்காகவே உலகின் பல நாடுகளுக்குக் கொண்டுபோனார்கள். வளர்ந்த வண்டு கருமையாக, தலைப்பக்கமும் முதுகின் பின்நுனியும் ஆரஞ்சு நிறமாக இருக்கும். புழுவோ தன் இரையின் வேடத்தில் திரிகிறது. நல்ல மனத்தோடு தோட்டம் போடுகிறவர்கள்கூட அதை நசுக்கிவிடுகிறார்கள் என்பது என்னை வருத்துகிறது.

மருந்தைப் பற்றி உங்கள் மாமியாரிடம் ஒரு செய்தி சொல்லுங்கள். கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை ஒருவகைச் செதில்பூச்சி அழித்துக்கொண்டிருந்தபோது, 1888இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ரொடோலியா என்ற சிறிய பொறிவண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். ஓரிரு ஆண்டுகளில் தோட்டங்கள் தேறின. அதே வண்டு 1892இல் நம் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்கும் வந்தது. 1940களில் கலிபோர்னியாவில் டிடிடி என்ற பூச்சிமருந்தைத் தெளித்தபோது வண்டுகள் மடிந்தன. அடங்கிக்கிடந்த செதில்பூச்சி மீண்டும் பெருகியது. உங்கள் செம்பருத்தியிலும் சிறிய அளவில் இதுவே நடக்கக்கூடும்.

அவரையையும் பார்த்துவையுங்கள். கறுப்பு அசுவினி அடைந்த தளிர்களில், கருமுதுகில் பிறைபோன்ற செந்நிறத் திட்டுகள் கொண்ட நம் ஆப்பிரிக்கப் பொறிவண்டு வரக்கூடும். தலைக்குப் பின்னுள்ள வெள்ளைப் பட்டையில் ‘எம்’ எழுத்தைப்போல் கறுப்புக் குறி இருந்தால், அது பெரும்பாலும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்குக் கேப்பில் கண்டறியப்பட்டுப் பிறகு நாடெங்கும் பரவிய ஆசிய ஹார்லிகுவின் வண்டு. அது மற்றப் பொறிவண்டுகளின் முட்டைகளையும் புழுக்களையும் தின்பதால் எனக்கு அதன்மேல் பரிவில்லை. ஆனாலும் அதன் நிறங்கள் பலவகைப்பட்டவை. அதைக் கொல்லப்போய் நம்முடையதைக் கொன்றுவிடும் ஆபத்து பெரிது என்பதால், விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். எறும்புகளை மட்டும் தளிருக்கு ஏறவிடாதீர்கள். தேன்போன்ற கழிவுக்காக அவை அசுவினியைக் காத்து, பொறிவண்டுகளை விரட்டும்.

ஐயம் இருந்தால் மேலிருந்து ஒன்று, தலைப்பக்கம் ஒன்று, புழு இருந்த இலையின் அடிப்பக்கம் ஒன்று எனப் படமெடுத்து, எந்தச் செடியில் எதைத் தின்றுகொண்டிருந்தது என்பதையும் குறித்து எனக்கு அனுப்புங்கள். படத்தைவிட அந்தக் குறிப்பே எனக்கு அதிகம் உதவும்.